தம்பியின் கண் கண்ணாடியோடு நகர்ந்த நாள்

நோயாளியின் அக்கா:

பைக் விபத்தில் தம்பிக்குத் தலையில் பலத்த அடி. ஏழாவது வாரம் கண் திறந்தே இருந்தது, ஆனால் பார்வை எதிலும் நிற்கவில்லை. காலை ரவுண்ட்ஸில் "கையை அழுத்துப்பா" என்பார்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். மதியத்தில் நான் உள்ளே வந்தால் கண் என் பக்கம் திரும்புகிறது என்று சொன்னேன். வீட்டுக்காரர்களுக்கு அப்படித்தான் தோன்றும் என்றார் டாக்டர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடிப்பான், கைக்குழந்தையும் அப்படித்தான் பிடிக்கும். "விடு" என்றால் விடுகிறானா என்பதுதான் கேள்வி. அவன் விடவில்லை.

அப்புறம் மறுவாழ்வுப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தார். எடுத்த எடுப்பில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. முகம், கழுத்து, தோள் என்று தொடங்கிக் கால்விரல் வரை தசைகளை அழுத்திப் பிசைந்து முதலில் அவனை விழிக்க வைத்தார். பிறகு ஒரு கைக்கண்ணாடியை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார். கண் கூடவே போனது. இடப்பக்கம் கொண்டு வந்தார், அங்கேயும் வந்தது. டார்ச்சுக்கும் பேனாவுக்கும் அசையாத கண், தன் முகத்தைப் பார்த்ததும் அசைந்தது. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

ஐசியூ செவிலியர்:

நாங்கள் மணிக்கு மணி குறிப்பது கிளாஸ்கோ கோமா ஸ்கேல், நோயாளி எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்பதற்கான மதிப்பெண். 1974-இல் வந்தது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, எல்லாம் சேர்த்து 15. நிலைமை மோசமாகிறதா என்று உடனே கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஆனால் தொண்டையில் குழாய் இருந்தால் பேச்சைச் சோதிக்கவே முடியாது. இமை வீங்கி மூடியிருந்தால் கண்ணுக்கு மதிப்பெண் போடக் கூடாது. மயக்க மருந்து ஓடும்போது போட்ட எண்ணை வைத்து நினைவு இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது.

ஒருவரிடம் மூன்று நாள் "வலது கையைத் தூக்குங்கள்" என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு அந்தப் பக்கமே வராது. "மேலே பாருங்கள்" என்று கேட்டதும் பார்த்தார். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மறுவாழ்வு சிகிச்சையாளர்:

அக்கா சொன்னது கோமா ரெக்கவரி ஸ்கேல் சோதனை. ஆறு பிரிவு, மொத்தம் 23 மதிப்பெண். பார்வை பொருளைத் தொடர்ந்து நகர்வது குறைந்தபட்ச நினைவு நிலைக்கு, அதாவது கொஞ்சமாவது நினைவு இருக்கிறது என்பதற்கு அடையாளம். பெரும்பாலும் அதுதான் முதலில் தெரியும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நினைவே இல்லை என்று மருத்துவக் குழு முடிவு செய்திருந்த 44 பேரை இந்த முறையில் சோதித்தார்கள். 18 பேருக்கு நினைவின் அறிகுறி இருந்தது.

இவர்களின் விழிப்பு மணிக்கு மணி மாறும். ஒரே நாளில் காலையில் ஒன்றுமில்லை, மாலையில் இருக்கும். அதனால் இரண்டு வாரத்துக்குள் ஐந்து தடவையாவது பார்க்காமல் நான் எதையும் எழுதுவதில்லை. மதியம் கண் திரும்புகிறது என்று வீட்டார் சொன்னால் மதியமே போய்ப் பார்க்கிறேன். செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள், எந்த நேரம் என்பதையும் குறித்து வையுங்கள்.

இன்னொரு நோயாளியின் மனைவி:

என் கணவர் நினைவு தப்பிப் பதினோரு மாதம் ஆகிறது. கண்ணாடி, அவர் பெயர், மகளின் குரல் எல்லாம் ஐந்து முறைக்கு மேல் பார்த்தாயிற்று. எதற்கும் பதில் இல்லை. படுக்கையருகே சோதித்தபோது சொன்னதற்கு ஏற்ப எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை, சொன்னதைச் செய்ய முயன்றது ஸ்கேனிலோ, மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜியிலோ தெரிந்ததாக 2024-இல் ஒரு ஆய்வு வந்தது. அவர் அந்த 60-இல் ஒருவரா என்று பார்க்க எங்களுக்கு வசதி கிடைக்கவில்லை. பணம், உறவினர் சண்டை, இனி என்ன செய்வது என்ற பேச்சு எதையும் அவர் படுத்திருக்கும் அறையில் நாங்கள் பேசுவதில்லை. வருகிறவர்களையும் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்.