ஒற்றைத் தலைவலியை இரத்தத்திலுள்ள நொதியை அளந்து அறிய முடியுமா?

காசிமேட்டுவாசி:
என் மனைவிக்குப் பல ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி இருக்கிறது. சூரை மீன் குழம்பு வைத்தால் வலி வருகிறது என்கிறார். ஆனால் அதே குழம்பைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத நாள்களும் உண்டு. அண்மையில் ஓர் ஆய்வகத்தில் டயமின் ஆக்சிடேஸ் என்னும் நொதியை அவருடைய இரத்தத்தில் அளந்து, குறைவு என்று அறிக்கை கொடுத்ததோடு, அதற்கான மாத்திரையையும் அங்கேயே விற்றார்கள். இந்தச் சோதனையை நம்பலாமா?

பெரம்பூர் ஆய்வக நுட்புநர்:
நம்ப வேண்டாம் ஐயா. வலியின் தன்மை, குமட்டல், வெளிச்சத்தையும் ஓசையையும் தாங்க முடியாமை ஆகியவற்றைக் கேட்டறிந்துதான் மருத்துவர்கள் இன்றும் ஒற்றைத் தலைவலியை உறுதி செய்கிறார்கள். ஆயினும் உங்கள் மனைவி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஐஸ் போதாமல் கிடந்த சூரையிலும் கானாங்கெளுத்தியிலும் பாக்டீரியாக்கள் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அது உருவான பின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. குடலில் அதைச் சிதைப்பதுதான் டயமின் ஆக்சிடேஸ். ஹிஸ்டமின் மிஞ்சினால், நொதி குறையாதவருக்கும் தலை வலிக்கும். அந்த நாள்களில் முகம் சிவந்து உடம்பு அரிக்கிறதா என்று கேளுங்கள். அப்படியானால் அது கெட்ட மீனின் வேலையாக இருக்கலாம்.

திருவொற்றியூர் வாசகர்:
நொதியைத் தேடிய கதை பழையது. பாலாடைக்கட்டி போன்ற உணவுகளில் உள்ள டைரமின் என்னும் பொருள் சிலருக்குத் தலைவலியைத் தூண்டுகிறது என்று 1967-இல் மருத்துவர் எட்டா ஹானிங்டன் எழுதிய பின், அதைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி மீது ஆய்வாளர்களின் பார்வை திரும்பியது. மூளையிலிருந்து எடுத்துப் பார்க்க இயலாததால் இரத்தத் தட்டணுக்களில் அளந்தார்கள். அந்த நொதியில் ஏ, பி என இரு வகைகள் உண்டு; தட்டணுவில் இருப்பதோ பி வகை. ஒற்றைத் தலைவலியோடு தொடர்புபடுத்தப்படும் செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருளைப் பெரும்பாலும் சிதைப்பது ஏ வகை. கைக்கு எட்டிய இடத்தில் தேடினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 1990-இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் வலி இருக்கும்போதே கழுத்துச் சிரையில் இரத்தம் எடுத்து, முகத்தின் உணர்ச்சியைக் கடத்தும் ட்ரைஜெமினல் நரம்பின் முனைகள் வெளியிடும் சி.ஜி.ஆர்.பி. என்னும் பெப்டைடு (புரதம் போன்ற சிறு மூலக்கூறு) உயர்ந்திருப்பதைக் கண்டார்கள்; முழங்கை மடிப்பில் எடுத்த இரத்தத்தில் அந்த உயர்வு இல்லை. ஆய்வகத்தில் நாம் நீட்டுவது கையைத்தானே! 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, ஒற்றைத் தலைவலியைத் தடுக்கும் எரெனுமாப் ஊசி அடைப்பதும் இந்தப் பெப்டைடின் ஏற்பியைத்தான், எந்த நொதியையும் அன்று.

காசிமேட்டுவாசி:
இருவருக்கும் நன்றி. அவரிடம் கேட்டேன். அரிப்பு இரண்டு முறை வந்ததாம். மற்ற நாள்களில் வெளிச்சம் பட்டாலே கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடுகிறார். அந்த இரண்டு நாளும் நான் விடியற்காலையில் போகாமல், வெயில் ஏறிய பின் மிச்ச மீனை மலிவாக வாங்கி வந்தவை என்பதை அவரே நினைவுபடுத்தினார். மாத்திரையை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.