மாமா, இந்த முத்திரையைக் கொஞ்சம் பாருங்கள்

குழு: கும்பகோணம் வீடு

சனிக்கிழமை

கார்த்திக்: (3 படங்கள்)

கார்த்திக்: இங்கிலாந்தில் பர்மிங்காம் ஜுவல்லரி குவார்ட்டரில், நகைக்கடைகள் நிறைந்த பகுதியில் நிற்கிறேன். எமிலிக்கு நிச்சயதார்த்த மோதிரம். புதுசு வேண்டாம், பழைய காலத்து மோதிரம்தான் வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். மூன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எது நல்லது?

அம்மா: பழசா? யார் கையில் கிடந்ததோ. அவர்கள் நன்றாக வாழ்ந்தார்களோ இல்லையோ

வித்யா: அம்மா, உன் காதில் இருக்கும் ப்ளூ ஜாகர் வைரத்தோடு புதுசா?

அம்மா: அது என் மாமியாருடையது. இது ஊர் பேர் தெரியாதவர்களுடையது

மாமா: உள்பக்கம் படம் எடுத்து அனுப்பு. வங்கியில் நகைக்கடனுக்கு உட்கார்ந்திருந்த காலத்தில் முன்பக்கத்தை மட்டும் பார்த்து நான் ஒரு நகையையும் மதிப்பிட்டதில்லை.

கார்த்திக்: (3 படங்கள்)

கார்த்திக்: முதல் மோதிரம்: நடுவில் நீலக்கல், இரண்டு பக்கமும் வைரம். உள்ளே "18 சிடி பிளாட்" என்று மட்டும் இருக்கிறது, அதாவது 18 கேரட் தங்கமும் பிளாட்டினமும். 1915 வாக்கில் செய்தது என்கிறார் கடைக்காரர். 3,400 பவுண்டு.
இரண்டாவது: முத்தும் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லும், 15 கேரட், விக்டோரியா காலம்.
மூன்றாவது: வரிசையாக ஐந்து வைரம், 18 கேரட், 1,650 பவுண்டு.
எனக்கு நீலம்தான் பிடித்திருக்கிறது.

சித்தி: நீலமா!! ஜாதகம் பார்க்காமல் நீலத்தைத் தொடாதே. ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், இல்லாவிட்டால் கவிழ்த்துவிடும். அந்தப் பெண் என்ன ராசி?

கார்த்திக்: அவள் பிறந்த நேரம் அவள் அம்மாவுக்கே நினைவில்லை சித்தி

மாமா: ஒத்துக்கொள்கிறதா என்பது அப்புறம். முதலில் அது நீலம்தானா?

கார்த்திக்: 1915 மோதிரம் மாமா. அந்தக் காலத்தில் போலி ஏது?

வித்யா: இருந்தது. 1902-லேயே பிரான்சில் வெர்னொய் என்பவர் உலையில் கெம்பு செய்யும் முறையை அறிவித்துவிட்டார். சில வருஷத்தில் நீலமும் வந்தது. அன்றைக்கு அது பெரிய புதுமை. அசல் வைரம், அசல் பிளாட்டினம், நடுவில் உலைக்கல் என்று நல்ல பட்டறைகளே செய்திருக்கின்றன. மோதிரம் பழசு என்பதற்காகக் கல் பூமியில் விளைந்தது என்று சொல்ல முடியாது.

மாமா: இதைத்தான் சொல்ல வந்தேன். உரைகல்லில் தங்கத்தின் மாற்று தெரியும், கல்லின் பிறப்பு தெரியாது. ஆய்வகச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேள்.

கார்த்திக்: கேட்டேன். இல்லையாம். "அந்தக் காலத்துக் கல்தான்" என்கிறார்.

வித்யா: கவனி, "இயற்கைக் கல்" என்று சொல்லவில்லை 🙂 பத்து மடங்கு லென்ஸில் உள்ளே வளைந்த கோடுகள் தெரிந்தால் உலைக்கல். ஆனால் அது தெரியவில்லை என்பதற்காக இயற்கைக் கல் என்றும் ஆகிவிடாது. சோதனைக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும் பேசு.

சித்தி: உலையில் செய்த நீலத்துக்குச் சனி பகவான் பார்வை உண்டா இல்லையா?

மாமா: அதை உன் ஜோசியரைக் கேள்.

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்திக்: அம்மா என்ன?

அம்மா: ஒன்றுமில்லை. 18 கேரட், 15 கேரட் என்கிறாயே, அதெல்லாம் தங்கமா? நம் வீட்டில் 22-க்குக் குறைந்து யாரும் வாங்கியதில்லை.

மாமா: தங்கம்தான். 22 என்றால் 916, 18 என்றால் 750, 15 என்றால் 625. 22 மெத்தென்று இருக்கும். நம்மூரில் கல்லைச் சுற்றித் தங்கத்தை அணைத்துக் கட்டுகிறோம், அதனால் நிற்கிறது. இவர்கள் மோதிரத்தில் மெல்லிய நுனிகள்தான் கல்லைப் பிடித்திருக்கின்றன. 22-இல் செய்தால் அந்த நுனி சீக்கிரம் வளைந்துவிடும். ஆனால் 15 என்று நான் பார்த்ததே இல்லையே?

வித்யா: பிரிட்டனில் தங்கத்தின் தரத்தைச் சோதித்து முத்திரை போடும் அலுவலகங்கள் உண்டு. 15-க்கு 1854 முதல் 1932 வரை மட்டும் முத்திரை போட்டார்கள் மாமா. பிறகு 15-ஐயும் 12-ஐயும் நிறுத்திவிட்டு 14 கொண்டுவந்தார்கள். அதனால் 15 என்று பார்த்தாலே காலம் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் கார்த்தி, அந்த மோதிரம் வேண்டாம். முத்தும் டர்க்காய்ஸும் மென்மையான கல். எமிலி நர்ஸ். நாள் முழுக்க சானிடைசர்.

கார்த்திக்: வார்டில் கல் வைத்த மோதிரம் போடவே கூடாதாம். சங்கிலியில் கோத்துக்கொள்வேன் என்கிறாள்.

வித்யா: சரி. இருந்தாலும் வேண்டாம்.

மாமா: மூன்றாவதில் ஏதோ சின்னச் சின்னதாகக் குத்தியிருக்கிறதே, பெரிதாக்கி அனுப்பு.

கார்த்திக்: (படம்)

வித்யா: ஓ, இது அழகு! மூன்று கோதுமைக் கட்டு, நடுவில் ஒரு வாள். செஸ்டர் நகரத்து அலுவலகத்தின் முத்திரை. பர்மிங்காம் என்றால் நங்கூரம், லண்டன் என்றால் சிறுத்தைத் தலை. செஸ்டர் அலுவலகத்தை 1962-இல் மூடிவிட்டார்கள். பர்மிங்காம் பட்டறைக்காரர்கள் பலர் அங்கேயும் அனுப்பி முத்திரை வாங்கியிருக்கிறார்கள். கிரீடமும் 18-ம் 18 கேரட் தங்கம் என்பதற்கு. பக்கத்தில் தனியாக இருப்பது எந்த ஆண்டு முத்திரை போட்டார்கள் என்று காட்டும் எழுத்து, கடைக்காரரிடம் பட்டியல் இருக்கும்.

கார்த்திக்: பார்த்தாயிற்று. 1908.

மாமா: அப்படியானால் நீலக்கல் மோதிரத்தில் ஏன் இதெல்லாம் இல்லை?

வித்யா: பிளாட்டினத்துக்கு பிரிட்டனில் முத்திரை வந்ததே 1975-இல்தான். அதற்கு முன்னால் செய்த பலதில் பட்டறையின் குத்து மட்டும்தான். அது குற்றமில்லை, ஆனால் காலத்துக்குச் சாட்சியும் இல்லை. 750 என்று இலக்கத்தில் குத்தி, கூடவே கிரீடமும் இருந்தால் ஓடிவந்துவிடு. அது 1975-க்கு அப்புறம் வந்த முறை. மாடல் மட்டும்தான் பழசு.

மாமா: 1908-க்கு ஐந்து கல்லும் ஒரே அச்சாக இருக்கிறதா?

கார்த்திக்: இல்லை. ஒன்று லேசாக மஞ்சள். ஒன்று கொஞ்சம் முட்டை வடிவம். அதனால்தான் தயங்குகிறேன்.

மாமா: அதற்காகத்தான் வாங்க வேண்டும். கையால் பட்டை தீட்டிய காலம். ஒரே மாதிரி இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

வித்யா: லென்ஸ் கேட்டு வாங்கி ஒவ்வொரு கல்லையும் நேர் மேலிருந்து பார். பழைய பட்டையில் அடி நுனியைக் கூராக விடாமல் தட்டையாக்கியிருப்பார்கள், நடுவில் சின்ன வட்டமாகத் தெரியும். இன்றைய பட்டைக் கணக்கு 1919-இல் டோல்கோவ்ஸ்கி எழுதியது. அதில் அந்த வட்டம் தெரியாது.

கார்த்திக்: இரு

கார்த்திக்: நாலில் வட்டம் இருக்கிறது. இடமிருந்து இரண்டாவதில் இல்லை!

மாமா: மாற்றிய கல். விலையைப் பேசு 😀

கார்த்திக்: கடைக்காரரும் லென்ஸில் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். எப்போது மாற்றியது என்று தெரியவில்லையாம். 1,480.

அம்மா: இன்னும் கேள்

மாமா: போதும். அதற்குப் பதில் வேறு வேலை வாங்கு. படத்தில் ஓரக் கல்லின் நுனி ஒன்று தேய்ந்து கிடக்கிறது. நுனி வைத்துத் தரச் சொல். அளவு சரியா?

கார்த்திக்: இங்கே அளவை ஆங்கில எழுத்தில் சொல்கிறார்கள். மோதிரம் ஓ அளவு, எமிலிக்கு எல். சிறிதாக்க வேண்டும்.

வித்யா: அங்கேதான் ஜாக்கிரதை. முத்திரை வளையத்தின் அடியில் இருக்கிறது, வெட்டி ஒட்டுவதும் அங்கேதான். முத்திரையை விட்டுத் தள்ளி வெட்டச் சொல். தங்கத்தை விட முத்திரை போனால்தான் எனக்கு வயிறு எரியும்.

ஞாயிற்றுக்கிழமை

கார்த்திக்: எமிலியை அழைத்துப் போனேன். நீலத்தையும் காட்டினேன். போட்டுப் பார்த்தாள், கழற்றி வைத்துவிட்டாள். ஐந்து கல்தானாம். அந்த மாற்றிய கல்லைப் பற்றியும் சொன்னேன். "நூறு வருஷத்தில் ஒரு கல்தானே" என்கிறாள்.

சித்தி: நீலம் போயிற்று, என் நெஞ்சிலும் பால் வார்த்தாள். நல்ல பெண்.

மாமா: ரசீதில் என்ன எழுதித் தருகிறார்கள்?

கார்த்திக்: "எட்வர்டியன் ஸ்டைல் மோதிரம்" என்று

மாமா: ஸ்டைல் என்பதை அடிக்கச் சொல். ஸ்டைல் என்றால் அந்தக் காலத்து மாதிரி என்றுதான் ஆகும், அந்தக் காலத்தில் செய்தது என்று ஆகாது. செஸ்டர், 1908, 18 கேரட், ஐந்து வைரம், அதில் ஒன்று பின்னால் மாற்றியது. அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கு. இன்ஷூரன்ஸுக்கு மதிப்பீட்டுத் தாள் தருவார்கள், அதில் பெரிய தொகை இருக்கும். அது இதே மாதிரி இன்னொன்று வாங்க ஆகும் விலை. விற்கப் போனால் அந்த விலை கிடைக்காது.

கார்த்திக்: மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். முன்பணமும் கட்டிவிட்டேன். நுனி, அளவு இரண்டும் முடிய மூன்று வாரம்.

அம்மா: மூன்று வாரமா? ஆடி பிறந்துவிடும்

கார்த்திக்: அம்மா...

அம்மா: இரண்டு வாரத்தில் தரச் சொல். மோதிரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே

கார்த்திக்: சரி, நாளைக்குப் போன் செய்து கேட்கிறேன்