சீன மொழியில் விடைபெறுதல்: ‘தொனித்திரிபு’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

> ‘டோன் சந்தி’ என்பதற்கு எளிமையாகத் ‘தொனி மாற்றம்’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் என்பேன். ‘பேச்சில் தொனி மாற்றம்’ என்றால், கோபமாகப் பேசியவர் இறங்கி வந்துவிட்டார் என்றுதான் நம்மவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சீனத்தில் ஒவ்வோர் அசைக்கும் குரலின் ஏற்ற இறக்கம் உண்டு, அதுதான் தொனி. அடுத்த அசையோடு சேரும்போது அது மாறுவதையே ‘டோன் சந்தி’ என்கிறார்கள். அதற்கு இங்கே தேவை இலக்கணச் சொல்.

சீன மொழிப் பாடத்தில் விடைபெறும் பகுதியையே பாருங்கள். “நான் கிளம்புகிறேன்” என்பது ‘வோ ட்சோ ல’. வோ, ட்சோ இரண்டும் தனியே நின்றால் தாழ்ந்து எழும் மூன்றாம் தொனி. சேர்த்துச் சொன்னால் வோ மட்டும் இரண்டாம் தொனியாகி மேலேறும். ஊருக்குப் போகிறவரிடம் சொல்லும் ‘யீலூ பிங்ஆன்’ இன்னொன்று. ‘யீ’ தனியே வந்தால் உயர்ந்து சமமாக ஒலிக்கும் முதல் தொனி. பின்னால் நான்காம் தொனியில் ‘லூ’ வருவதால் ‘யீ’யும் இரண்டாம் தொனியாகிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகிறதே, அதே திரிதல்தான். ஆனால் நாம் திரிந்ததை எழுதிக் காட்டிவிடுகிறோம்; சீன ஒலிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் பின்யின் எழுத்துமுறையிலோ வழக்கமாகப் பழைய தொனியின் குறியைத்தான் போடுவார்கள். குறியைப் பார்த்துப் படிக்கிறவர் தடுமாறுவது இங்கேதான். அதனால் ‘தொனித்திரிபு’ என்கிறேன்.

‘தொனிப்புணர்ச்சி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். புணர்ச்சியில் எதுவும் மாறாத இயல்புப் புணர்ச்சியும் அடக்கம் என்பதால் இந்த இடத்துக்கு அது அகலம். நன்னூல் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பிரித்துத் தந்திருக்கும்போது நாம் ஏன் பொத்தாம்பொதுவாக ஒரு சொல்லைப் பிடிக்க வேண்டும்?

கெடுதலுக்கும் வேலை இருக்கிறது. கடையை விட்டுக் கிளம்பும்போது ‘ஷியேஷியே, ட்சாய்ஜியென்’ என்பார்கள். நன்றி, மறுபடி பார்ப்போம். நான்கு அசையும் அடிப்படையில் மேலிருந்து விழும் நான்காம் தொனி. ஜியென் முழுதாக விழுகிறது. இரண்டாவது ‘ஷியே’ தன் தொனியை இழந்து, லேசாக ஒட்டிக்கொண்டு போகிறது. இது தொனி கெடுதல். ஆனால் ‘வோ ட்சோ ல’வில் வரும் ‘ல’வுக்குச் சொந்தத் தொனியே கிடையாது, கெடுவதற்கு ஒன்றும் இல்லை. அதை ‘மென்தொனி’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

அப்புறம் ‘ட்சாய்’. பின்னால் இன்னொரு நான்காம் தொனி வருவதால் அது பாதி விழுந்து நின்றுவிடுகிறது. வேறு தொனியாக மாறவில்லை, அளவுதான் குறைகிறது. ‘வோ’வும் அப்படித்தான்: ‘வோ சியென் ட்சோ ல’ (நான் முதலில் கிளம்புகிறேன்) என்னும்போது அது தாழ்ந்தே நிற்கும், எழாது. இவற்றைத் திரிபில் சேர்ப்பது தவறு. ஐகாரம் குறுகினாலும் ஐகாரமே என்பதால்தானே ஐகாரக்குறுக்கம் என்கிறோம்? அதே வழியில் ‘தொனிக்குறுக்கம்’ என்றால் இரண்டுக்கும் சரியாக வரும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.