பிரிட்டனில் முதல் பருவம்: பாடம் காதில் ஏறவில்லை, தூக்கமும் கெட்டுக் கிடக்கிறது

நீலவால்குருவி (கேள்வி)

அக்கா, அண்ணன்மாருக்கு வணக்கம். முதுநிலைப் படிப்புக்காக இந்த செப்டம்பரில் பிரிட்டன் வந்திருக்கிறேன். வகுப்புகள் இப்போதுதான் தொடங்கின. பள்ளியிலிருந்தே ஆங்கில வழிக் கல்விதான், ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. புத்தகத்தில் படித்தால் புரிகிறது. அதையே பேராசிரியர் பேசினால் பாதி காற்றோடு போகிறது. செமினாரில் ஒரு பதிலை மனசுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. விடிகாலை 3 மணிக்கு விழிப்பு, மாலை 6 மணிக்கே கண் சொக்குகிறது. முதல் கட்டுரை வேறு எழுத வேண்டும். எங்கிருந்து பிடித்துச் சரிசெய்வது?

---

செவிச்செல்வம்

வணக்கம்மா. காது விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

நம்மில் பலர் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். அச்சில் நன்றாகத் தெரிந்த சொல்லும் பேச்சில் தேய்ந்து வரும்போது ஆள் மாறிவிடுகிறது. அசைகளை எல்லாம் தெளிவாகச் சொல்லிக் கேட்டுப் பழகிய காது, ஆங்கிலத்திலும் அதே தெளிவை எதிர்பார்த்துக் காத்திருக்கும். அங்கேயோ அழுத்தம் விழும் அசைதான் முழுசாக வரும், மற்றதை விழுங்கிவிடுவார்கள். 'கேன்', 'கான்ட்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 'ட்' சத்தத்தைத் தேடாதீர்கள். பலர் அதைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுவார்கள். உயிரொலி தேய்ந்து 'கன்' என்று ஓடிப்போனால் முடியும் என்று பொருள். 'கா' என்று நீண்டு, குரல் அங்கே அழுத்தி நின்றால் முடியாது என்று பொருள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' தனியாக வரும்போது அழுத்தம் பின்பாதியில் இருந்தால் 15, முன்பாதியில் இருந்தால் 50. பின்னால் இன்னொரு சொல் ஒட்டி வந்தால் இந்த அடையாளம் மங்கிவிடும். அதனால் தேதியையும் பக்க எண்ணையும் எப்போதும் எழுத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதற்குப் பயிற்சி உண்டு. செய்தி வாசிப்பு, வலைத்தொடர் என்று போகாமல் உங்கள் பேராசிரியரின் பாடப் பதிவையே எடுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பதிவை மாணவர் தளத்தில் ஏற்றுகின்றன. இரண்டே நிமிடப் பகுதி போதும். விரிவுரை வேகம் நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் என்றால் அதுவே 300 சொல். ஒழுங்காகச் செய்தால் அரை மணி நேரம் பிடிக்கும். முதலில் ஒரு முறை சும்மா கேளுங்கள். பிறகு துண்டு துண்டாக நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். ஒரு துண்டை மூன்று முறைக்கு மேல் ஓட்டாதீர்கள், அதற்கு மேல் காது ஊகிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் பதிவோடு வரும் எழுத்துரையோடு (டிரான்ஸ்கிரிப்ட்) ஒப்பிட்டு விட்டுப்போன சொற்களைச் சிவப்பில் எழுதுங்கள். (தானியங்கி எழுத்துரை ஆட்பெயரிலும் கலைச்சொல்லிலும் அடிக்கடி தப்பு விடும், அங்கே மட்டும் நம்ப வேண்டாம்.)

பயிற்சியின் உயிர் அடுத்த படியில் இருக்கிறது. ஒவ்வொரு சிவப்புச் சொல்லும் ஏன் தவறியது என்று பாருங்கள். சொல்லே தெரியாதா? தெரிந்த சொல்தான், ஒலியில் பிடிபடவில்லையா? அல்லது முந்தைய வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்ததில் இதைக் கேட்கவே இல்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு. ஒலி பிடிபடாத வாக்கியத்தை அவர் கூடவே, அவர் வேகத்திலேயே, வாய்விட்டு ஐந்தாறு முறை சொல்லுங்கள். வாய் ஒரு முறை விழுங்கிப் பேசிப் பார்த்துவிட்டால், அப்படி விழுங்கியதைக் காது பிடிக்கும். சொல் தெரியாததுதான் காரணம் என்றால் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 'அகடமிக் வேர்ட் லிஸ்ட்'டைப் பாருங்கள். 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்கள் சேர்ந்து ஒரு குடும்பம்), ஆனால் கல்விசார் எழுத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் அவை. துறைக் கலைச்சொற்கள் அதில் வராது, அவற்றை ஸ்லைடிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணம் என்றால் குறிப்பெடுக்கும் விதத்தை மாற்ற வேண்டும். வகுப்புக்கு முன் 20 நிமிடம் ஸ்லைடைப் புரட்டி, வரப்போகும் பெயர்கள், கலைச்சொற்கள் பத்துப் பதினைந்தை எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். தாளின் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். ஒன்று தவறினால் துரத்தாதீர்கள். ஒரு கோடு போட்டு மணியை மட்டும் குறித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு வந்துவிடுங்கள். அன்று மாலையே பதிவில் அந்த நிமிடத்துக்குப் போய்க் காலியிடத்தை நிரப்பலாம். ஒரு சொல்லைப் பிடிக்கப் போய் ஒரு பத்தியை இழப்பதுதான் முதல் பருவத்தில் எல்லோருக்கும் நடப்பது.

செமினாருக்கு வேறு உத்தி. கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார் என்று 1970-களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்பறைகளில் அளந்து காட்டினார். பல்கலைக்கழகத்திலும் இடைவெளி பெரிதாக இருக்காது. முழு வாக்கியம் தயாரான பிறகு பேசுவேன் என்றால் முறை வரவே வராது. 'ஐ வுட் லைக் டு கோ பேக் டு…' என்று தொடங்கி இடத்தைப் பிடியுங்கள், மிச்சத்தைப் பேசப் பேசக் கட்டலாம். பேச்சு கடந்து போயிருந்தாலும் இந்த வாக்கியம் அதைத் திருப்பிக் கொண்டுவரும், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். வாசிப்பிலிருந்து பக்க எண்ணோடு ஒரு கேள்வியைத் தயாராக வைத்து முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போக வாய் திறப்பது கடினமாகிக்கொண்டே போகும்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் 'இன்-செஷனல்' ஆங்கில வகுப்பு நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். பருவத்தோடு ஓடும் இவை பல இடங்களில் மாணவர்களுக்கு இலவசம், ஆனால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

---

விடிவெள்ளி

தூக்கத்துக்கு நான். இப்போது ஊருக்கும் பிரிட்டனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். உடல் கடிகாரம் தோராயமாக நாளுக்கு ஒரு மணி நேரம் நகரும், ஆக ஐந்தாறு நாளில் சரியாகியிருக்க வேண்டும். அதைத் தாண்டியும் இழுக்கிறது என்றால் தப்பான நேரத்தில் கண்ணில் வெளிச்சம் படுகிறது.

வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பு உடல் வெப்பம் மிகவும் தாழும். அதற்கு முன் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், பின் படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். ஊரில் 6 மணிக்கு எழுபவருக்கு அந்தத் தாழ்நிலை சுமார் மூன்றரை மணிக்கு வரும். வந்த புதிதில் பிரிட்டன் நேரப்படி அது இரவு 11 மணி. உங்களுக்குக் கடிகாரம் பின்னுக்குப் போக வேண்டும், அதனால் மாலை வெளிச்சம் மருந்து. 3 மணிக்கு விழித்துப் போனைத் திறந்தால் அந்த வெளிச்சம் கடிகாரத்தை ஊர் நேரத்துக்கே இழுத்துப் பிடிக்கும். ஆகவே மாலை 5 மணிக்கு மேல் வெளியே நடங்கள், அறையில் எல்லா விளக்கையும் போடுங்கள், ஒன்பதரை வரை படுக்கையில் சாயாதீர்கள். இரவில் விழிப்பு வந்தால் இருட்டிலேயே கிடங்கள். பகல் தூக்கம் 20 நிமிடம், அதுவும் 3 மணிக்கு முன். காபியில் உள்ள கஃபீனில் பாதி கழியவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், மதியம் 2 மணியோடு நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக்குப் பேசும் நேரமும் இதில் சேரும். உங்கள் இரவு 9 மணி வீட்டில் நள்ளிரவு ஒன்றரை. அம்மா விழித்திருப்பார், நீங்களும் குற்ற உணர்வில் பேசிக்கொண்டே இருப்பீர்கள். மதியம் 1 முதல் 3 வரை பேசினால் அங்கே மாலை ஐந்தரை முதல் ஏழரை. வாரத்துக்கு எந்த நாட்கள் என்று முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள். மற்ற நாளில் அழைப்பு வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்வைப்பார்கள். வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும், அழைப்பு நேரத்தை அன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு பொழுது வேகமாகச் சுருங்கும். டிசம்பர் நடுவில் லண்டனிலேயே மாலை 4 மணிக்கு முன் சூரியன் மறையும், ஸ்காட்லாந்தில் இன்னும் சீக்கிரம். நடுப்பகலில் அரை மணி வெளியே போகும்படி வகுப்புகளுக்கு நடுவே இடம் வையுங்கள். இலையுதிர், குளிர் காலங்களில் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பது பற்றி எல்லோரும் யோசிக்க வேண்டும் என்பது அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் தரும் அறிவுரை. நம்மைப் போன்ற கருத்த தோலுக்கு வெயில் போதாமல் போகலாம் என்பதால் ஆண்டு முழுவதும் எடுக்கலாம் என்கிறார்கள்.

---

அடிக்குறிப்பு

கட்டுரை பற்றி. மதிப்பெண் அளவைப் பாருங்கள், இல்லையென்றால் முதல் முடிவைப் பார்த்ததும் மனம் உடைந்துவிடும். பிரிட்டன் முதுநிலையில் பொதுவாக 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 62 நல்ல மதிப்பெண். 90 என்பது பெரும்பாலான கட்டுரைப் பாடங்களில் கிட்டத்தட்டக் கண்ணில் படாது.

பெரிய ஆபத்து எடுத்தாள்வதில் இருக்கிறது. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதினால், மேற்கோள் காட்டியிருந்தாலும், அது உங்கள் எழுத்தாகாது. மூலத்தின் வாக்கிய எலும்பு அப்படியே தெரியும். பத்தியைப் படியுங்கள், மூடிவையுங்கள், ஒரு தோழிக்குச் சொல்வதுபோல இரண்டு வரியில் எழுதுங்கள், பிறகு திறந்து தகவல் சரியா என்று மட்டும் பாருங்கள். பக்க எண்ணை அப்போதே குறித்துவிடுங்கள். எழுத்து ஒப்புமையைச் சோதிக்கும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் சதவீதம் தீர்ப்பு அல்ல: நூற்பட்டியலும் மேற்கோள்களும் சேர்ந்தே அது ஏறும், குறைந்த சதவீதத்திலும் திருட்டு இருக்கலாம்.

இன்னொன்று: நண்பருக்கு உதவியாக உங்கள் கட்டுரைக் கோப்பை அனுப்பாதீர்கள். அவர் அதிலிருந்து எடுத்தால் கொடுத்தவருக்கும் சேர்த்து விசாரணை வரும். நம் பிள்ளைகள் நல்ல மனசோடு போய் மாட்டுவது இங்கேதான்.

---

நீலவால்குருவி

மூவருக்கும் மிக்க நன்றி. பதிவு ஏற்றாத ஒரு பாடம் இருக்கிறது, அங்கே நானே போனில் பதியலாமா? அந்தப் பாடத்தையே விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது. கையில் காசும் குறைவு, வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.

---

செவிச்செல்வம்

கேட்காமல் பதிய வேண்டாம். வகுப்புக்கு முன்னால் இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: பாடக் குறியீடு, சொந்தப் படிப்புக்கு மட்டும், யாருக்கும் பகிர மாட்டேன். விரிவுரைக்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். செமினாரில் மற்ற மாணவர்கள் பேச்சும் பதிவாகும் என்பதால் மறுக்கலாம், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

---

கரைநாரை

பாடத்தை விடும் முன் ஒரு கணக்கு. அங்கே முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 10 மணி நேர உழைப்பு. 20 கிரெடிட் பாடம் என்றால் 200 மணி. அதில் நீங்கள் வகுப்பில் உட்காருவது பெரும்பாலும் சிறு பகுதிதான், மீதி வாசிப்பும் எழுத்தும். உங்களுக்குப் புத்தகம் புரிகிறது என்கிறீர்கள், அப்படியானால் பாடத்தின் பெரும்பகுதி கைக்குள்தான் இருக்கிறது. ஆசிரியர் அறிவித்திருக்கும் 'ஆஃபீஸ் ஹவர்' மாணவர்களுக்காகவே ஒதுக்கிய நேரம். குறிப்பில் கோடு போட்ட இரண்டு இடங்களைக் காட்டிக் கேளுங்கள்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் பாட மாற்றம் முதல் சில வாரங்களுக்குள் மட்டுமே, அதுவும் விருப்பப் பாடத்துக்கு மட்டுமே இருக்கும். வேறு பாடம் எடுக்காமல் விட்டாலோ படிப்பை இடையில் நிறுத்தினாலோ விசாவைத் தொடும்: உங்களுக்கு விசா ஸ்பான்சர் பல்கலைக்கழகமே, அது உள்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடும் முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசுங்கள். வகுப்புக்குப் போகாமல் இருப்பதும் இதே கணக்கில் வரும்.

வேலை: பட்டப் படிப்பு மாணவர் விசாவில் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் உச்சவரம்பு. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு வாரச் சராசரி எல்லாம் செல்லாது. ஒரு வாரம் 24, மறு வாரம் 16 என்றால் முதல் வாரமே விதிமீறல். இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். முதுநிலை மாணவர்கள் அதிகம் ஏமாறுவது கோடையில். இளநிலைத் தோழர்களுக்கு அது விடுமுறை, உங்களுக்கு ஆய்வேடு எழுதும் பருவ காலம், 20 மணி வரம்பு அப்போதும் உண்டு. சுயதொழிலுக்கும் அனுமதி இல்லை; உணவு விநியோகச் செயலிகளில் பல சுயதொழில் கணக்கில்தான் ஆள் எடுக்கின்றன, பக்கமே போகாதீர்கள்.

உடம்போ மனசோ முடியாமல் கட்டுரை தள்ளிப்போகும்போலிருந்தால் அவகாசம் கேட்கும் விண்ணப்பத்தைக் கெடு தேதிக்கு முன்பே போடுங்கள். தேதி தாண்டிய பிறகு காரணத்தோடு, ஏன் முன்பே சொல்லவில்லை என்பதையும் விளக்க வேண்டியிருக்கும். சான்று பெரும்பாலும் மருத்துவரிடமிருந்து கேட்பார்கள். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே அருகிலுள்ள ஜிபி எனும் பொது மருத்துவரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். விசாவோடு மருத்துவக் கட்டணத்தை ஏற்கெனவே செலுத்தியிருப்பீர்கள், பதிவுக்குத் தனிப் பணம் இல்லை. இந்த வாரமே செய்துவிடுங்கள், அக்டோபரில் புது மாணவர் கூட்டம் அதிகம்.