வெலிகமைக்குப் போகிறோம்: சர்ஃபிங் செய்யாத இருவருக்கு அங்கே என்ன இருக்கிறது?

வேளச்சேரிவாசி:
அரையாண்டு விடுமுறையில் ஆறு நாள் இலங்கையின் வெலிகமையில் தங்குகிறோம். கணவரும் மகனும் கோவளத்தில் சர்ஃபிங் பழகியவர்கள். விடிந்தால் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எனக்கும் மாமியாருக்கும் (வயது 66) நீச்சல் தெரியாது, இருவரும் சைவம். கரையில் உட்கார்ந்து துண்டுக்குக் காவல் இருப்பதைத் தவிர எங்களுக்கு என்ன இருக்கிறது? பயமில்லாமல் கடலில் இறங்க இடம் உண்டா? திமிங்கிலம் பார்க்கும் படகில் அத்தையை ஏற்றலாமா?

தென்கரை:
மாதம் சரியாக அமைந்திருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் தெற்குக் கரையில் கடல் தெளிந்திருக்கும்.

வெலிகமை வளைகுடாவில் அடியில் மணல், அலையும் மெதுவாக உடையும். அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்கள் அத்தனை பேரும் அங்கே குவிகிறார்கள். உங்களுக்கு ஆபத்து அலையால் அல்ல, பலகையால். அதன் அடியில் துடுப்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் காலைக் கிழித்துவிடும், பழகுகிறவருக்கோ பலகையைத் திருப்பத் தெரியாது. நுரை புரளும் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்காதீர்கள்.

மிரிஸ்ஸ, ஹிரிகெட்டிய போன்ற கரைகளில் இன்னொன்றைக் கவனியுங்கள். இரு பக்கமும் அலை உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிந்தால், குளிக்க வசதி என்று அதில் இறங்கிவிடாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அது, ஆளையும் சேர்த்து இழுக்கும். அலையோடு மல்லுக்கட்டாமல் உள்ளே போக சர்ஃபர்கள் தேடிப் பிடிப்பது அதைத்தான்.

நீங்கள் போக வேண்டியது மாத்தறை பொல்ஹேன. கரைக்குச் சற்றுத் தள்ளி நீளும் பவளப்பார் அலையை அங்கேயே உடைத்துவிடுவதால், உள்பக்கம் குளம்போல் கிடக்கும். முழங்காலளவு, இடுப்பளவு தண்ணீரிலேயே மீன்கள் தெரியும், சில நாள் ஆமையும் வரும். அடியில் உடைந்த பவளமும் கடல் முள்ளெலியும் இருப்பதால் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. ரப்பர் அடி வைத்த, கழன்று போகாத ஷூவை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். காலுக்கும் கெடுதல், அதற்கும் சாவு.

நீலத்துளி:
திமிங்கிலத்துக்கு டிசம்பர் நல்ல மாதம். இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) மிகக் குறுகலானது, கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடும். நீலத்திமிங்கிலம் அவ்வளவு அருகில் வருவது அதனால்தான். படகுகள் மிரிஸ்ஸ துறைமுகத்திலிருந்து காலை ஆறரை வாக்கில் கிளம்பும், திரும்ப மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும்.

அத்தை வரலாம், ஆனால் குமட்டலுக்கு முன்னேற்பாடு வேண்டும். படகு ஓடும்போது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும்போதுதான் தொட்டில்போல் ஆடி வயிற்றைப் புரட்டும். அவோமின் மாத்திரையை முந்தின இரவே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டால் உள்ளே தங்காது. அது தூக்கம் வரவழைக்கும் மருந்து. கண் அழுத்தம் இருந்தாலோ வேறு மாத்திரை சாப்பிட்டாலோ சென்னையிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். படகேறும் முன் இரண்டு பிஸ்கட்டும் ஒரு வாழைப்பழமும் போதும், வெறும் வயிறும் ஆகாது. மேல்தளம் வேண்டாம். கீழ்த்தளத்தில் நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள்.

திமிங்கிலத்தை 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. அதைத் துரத்த மாட்டோம் என்று வாயால் சொல்லும் படகுக்காரரிடம் பணம் கொடுங்கள்.

கோட்டைமதில்:
கரையை விட்டு வெளியே வந்தால்தான் நம்மவர்களுக்கு அந்த ஊர் ருசிக்கும். கோட்டை நகரமான காலிக்கு (Galle) ரயிலில் போங்கள், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போகும்போது கடல் இடப்பக்கம். அலுவலகக் கூட்ட நேரத்தைத் தவிர்த்து, மாலை நாலரைக்கு மதில்மேல் ஏறினால் வெயில் தணிந்திருக்கும். கோட்டையைச் சுற்றிவர சுமார் மூன்று கிலோமீட்டர்தான். கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்கள் உண்டு, அத்தையை உள்பக்கமாக நடக்க வையுங்கள்.

1911இல் இந்தக் காலியில்தான் சீனத் தளபதி செங் ஹெயின் மும்மொழிக் கல்வெட்டு கிடைத்தது. அதில் பொறித்த ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கும் பாரசீகத்தில் அல்லாவுக்கும் தமிழில் தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. அந்தத் தெனாவரைதான் வெலிகமைக்குக் கிழக்கே இருக்கும் தெய்வேந்திரமுனை. அந்த நாயனாரின் பழைய கோயிலை 1588இல் போர்ச்சுக்கீசியர் இடித்தார்கள், இப்போதும் அங்கே விஷ்ணு கோயில் உண்டு. கல் இருப்பது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். திரும்பும் வழியில் கட்டாயம் பாருங்கள்.

மிரிஸ்ஸ, அகங்கம பக்கம் கறுவாத் தோட்டங்களில் பட்டை உரிப்பதையும் பார்க்கலாம். வெட்டிய குச்சியின் மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்ப்பார்கள். உள்பட்டை இளகியதும் கத்தியால் இரண்டு கீறல், அவ்வளவுதான், முழுசாகக் கையோடு வரும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, நடுவில் சிறு துண்டுகளைத் திணித்து, 42 அங்குலக் குழலாக்கி நிழலில் காயவைப்பார்கள். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த ஒற்றைச் சுருள் வேறு மரத்துப் பட்டை. இது மெல்லிய பல அடுக்கு, விரலால் நசுக்கினாலே நொறுங்கும். ஆறு மில்லிமீட்டருக்கும் மெலிந்த ‘ஆல்பா’ (Alba) ரகம்தான் உயர்ந்தது.

சைவச்சாப்பாடு:
தேங்காய்ச் சம்பலைப் பார்த்து நம் துவையல் என்று நினைத்துவிடாதீர்கள். மாசிக்கருவாட்டை இடித்துப் போட்டிருப்பார்கள். பருப்புக் கறி, சொதி, வெங்காயச் சம்பலிலும் இருக்கலாம், பார்த்தால் தெரியாது. ஆர்டர் கொடுக்கும்போதே “உம்பலகட எப்பா” என்று சொல்லுங்கள், அதாவது மாசி வேண்டாம். கொத்து ரொட்டியைக் காய்கறியில் கேட்டாலும் முட்டை, கோழி கொத்திய அதே கல்லில்தான் போடுவார்கள். வெறும் ஆப்பம், இடியாப்பம், மண்சட்டி எருமைத் தயிர் மேல் கித்துள் பாணி (ஒருவகைப் பனைப் பாகு): இவற்றை நம்பிச் சாப்பிடலாம். அத்தைக்கு அந்தத் தயிர் நிச்சயம் பிடிக்கும்.

வேளச்சேரிவாசி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. பொல்ஹேன, காலி, கறுவா மூன்றும் உறுதி. மே மாதத்தில் வர விரும்பும் என் தங்கைக்கும் இதே ஊரைச் சொல்லலாமா?

தென்கரை:
வேண்டாம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கி அங்கே கடல் கொந்தளிக்கும். அப்போது அலை கிழக்கே அறுகம் குடாவுக்கு மாறிவிடும், அவர் அங்கே போகட்டும். கொழும்பிலிருந்து நாள் முழுக்கப் பயணம் என்றாலும் பக்கத்து ஊரான பொத்துவிலில் தமிழே பேசலாம். களப்பில் (காயலில்) படகில் போய் அலையாத்திக் காடு பார்க்கலாம். தெற்கே பாணமை ஊரைத் தாண்டினால் உகந்தை முருகன் கோயில் இருக்கிறது, ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் அங்கிருந்துதான் காட்டுக்குள் இறங்குவார்கள். பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் பாதையில் கடைகளை நம்ப முடியாது. தண்ணீரை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பி, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், இருட்டினால் யானை ரோட்டுக்கு வந்துவிடும்.