கடைசிப் பாதையும் எங்கள் வட்ஸ்அப் குழுவும்

வேலைத்தளத்தில் உங்கள் சொல் எப்போதாவது எடுபட்டதா என்று இந்தப் பக்கத்தில் வாசகர்களிடம் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு ஒருமுறை எடுபட்டது.

2022 கடைசி. மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் லைன் (தையல் வரிசை) சுப்பர்வைசராக இருந்தேன். என் லைனில் பாதிப்பேர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பெண்கள். மண்டூரில் பாதை ஏறிக் குருமண்வெளித் துறையில் இறங்கி வருவார்கள். (வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்.) மின்வெட்டில் போகும் நேரத்தை ஈடுகட்ட, வேலை முடிவதை முக்கால் மணித்தியாலம் தள்ளிப்போட நிர்வாகத்தார் பார்த்தார்கள். அப்படிச் செய்தால் கடைசிப் பாதை தவறிவிடும். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம்தான். ஆனால் தட்டுப்பாட்டில், வண்டிக்கு இவ்வளவுதான் என்று கியூஆர் குறியீட்டைப் பார்த்துப் பெட்ரோலை அளந்து கொடுத்த காலம், ஆட்டோவுக்கே அன்றைய சம்பளம் போய்விடும்.

கூட்டத்தில் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. மனேஜர் சிங்களத்தில் பேச, இன்னொருவர் மொழிபெயர்க்க, நடுவில் யார் எழும்புவது? அப்புறம் வட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தார்கள். அந்த வசதி அப்போதுதான் வந்திருந்தது. எல்லோரும் 'சம்மதம்' என்று அழுத்தினார்கள். யார் எதை அழுத்தினார் என்று அதில் பெயரோடு தெரியுமே! எனக்கு மனம் பொறுக்கவில்லை. நேரே எச்.ஆர். (ஆளணிப் பிரிவு) மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன்.

அவ நல்ல மனுஷி. பெயரோ மின்னஞ்சலோ கேட்காத கூகிள் ஃபோம் (போனில் நிரப்பும் படிவம்) ஒன்றைத் தமிழில் செய்தா. நல்ல போன் இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டறையில் ஒரு டப்லெட் வைத்தோம். வந்து குவிந்ததில் ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: "வாடைக் காத்தடிச்சா பாதைய நேரத்தோட நிப்பாட்டிருவாங்க மிஸ். சின்னவன் துறையில வந்து பாத்துக்கொண்டு நிப்பான்."

முடிவும் மாறியது. படுவான்கரைப் பிள்ளைகள் பழைய நேரத்துக்கே போகலாம், குறையும் நேரத்தைச் சனிக்கிழமை செய்யலாம். வாகனம் கேட்டிருந்தோம், அது கிடைக்கவில்லை. ஏன் முடியாது என்று காரணத்தை எழுதியிருந்தார்கள். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி: எங்கள் அலுவலகத்திலும் ஃபோம் வரும், நிரப்புவோம், பதில் மட்டும் வராது. நாலாம் தடவை நான் திறக்கவே இல்லை.

பதில்: தங்கச்சி, பதில் தரும் திகதியை ஃபோமின் தலைப்பிலேயே போடச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் மிஸ் அப்படித்தான் போட்டா. அந்தத் திகதி விடிய, மெஷின் ஓட முன்னமே போன் வைத்திருந்தவர்களைச் சுற்றி லைன் முழுக்கக் கூடி நின்றது.