பொண்ணுக்கு 21 ஆகப்போகுது, ஐ-140 நாளைக் கழிச்சா தப்பிக்குமா? (அவசரம்)

ஃபிரிஸ்கோ_அப்பா
வணக்கம். ஆபீஸ்ல இருந்து அவசரமா போடறேன். பொண்ணுக்கு 21 ஆகப்போகுது. அதுக்கப்புறம் பிள்ளைன்னு எங்க மனுல சேர்க்க மாட்டாங்களாம். எனக்காக கம்பெனி போட்ட அமெரிக்க கிரீன் கார்டு மனு ஐ-140 அப்ரூவ் ஆகி பத்து வருஷம் ஆச்சு. சிஎஸ்பிஏங்கற பிள்ளைகள் வயசுப் பாதுகாப்புச் சட்டத்துல ஐ-140 பெண்டிங் இருந்த நாளை வயசுல கழிப்பாங்கன்னு ஒருத்தர் சொன்னார். கழிச்சா அவ எங்களோடயே கிரீன் கார்டு வாங்க முடியுமா? கம்பெனி லாயர் ஒரு மெயிலுக்கு பதில் போட ஒரு வாரம் எடுத்துக்கறார். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

காவேரிக்கரை
வேலை வழி கிரீன் கார்டுல ஈபி-2 பிரிவா ஈபி-3 பிரிவா? பிரியாரிட்டி டேட் (வரிசைல உங்க இடத்தைக் காட்டற தேதி) என்ன? பொண்ணு பிறந்த தேதி?

மாரிஸ்வில்_மணி
எதுவா இருந்தாலும் ஈபி-3க்கு டவுன்கிரேட் பண்ணுங்க சார். 2020 அக்டோபர்ல ஈபி-3 இந்தியா ஃபைலிங் டேட் (மனு போட விடற தேதி) 2015 ஜனவரி 1 வரைக்கும் போச்சு. புத்திசாலிங்க எல்லாம் அப்பவே தாவிட்டாங்க.

பழையவரிசை_2007
ஜோசியர்கிட்ட போனாக்கூட பிறந்த தேதி, நேரம், ஊர் மூணும் சொன்னாத்தான் கட்டம் போடுவார். இங்க ஒண்ணுமே சொல்லாம பலன் மட்டும் கேக்கறாங்க. இதே கேள்விக்கு நானே நாற்பது தடவை பதில் எழுதியிருக்கேன். தேடிப் படிக்கிற பழக்கமே போச்சு.

ஃபிரிஸ்கோ_அப்பா
மன்னிக்கணும் சார். ஈபி-2. பிரியாரிட்டி டேட் 2014 நவம்பர். பொண்ணு 2005 பிப்ரவரி. அஞ்சு வயசுல இங்க வந்தா, இன்னும் எச்4தான் (எங்களைச் சார்ந்த விசா). காலேஜ் மூணாவது வருஷம். 2020ல டவுன்கிரேட் பத்தி லாயரைக் கேட்டேன், வேண்டாம்னு சொல்லிட்டார்.

மாரிஸ்வில்_மணி
பாத்தீங்களா! 2014 நவம்பர்னா அன்னிக்கு 485 (கிரீன் கார்டு கேக்கற கடைசி மனு) ஃபைல் பண்ணியிருக்கலாம். வயிறு எரியுது.

சான்ஹொசே_கீதா
ஐ-140 பிரீமியத்துல போட்டாங்களா, ரெகுலரா?

ஃபிரிஸ்கோ_அப்பா
பிரீமியம் மேடம். 11 நாள்ல வந்துச்சு. அன்னிக்கு ஃப்ளோர் முழுக்க ஸ்வீட் கொடுத்தேன்.

சான்ஹொசே_கீதா
அப்ப கழிக்கறதுக்கு அந்த 11 நாள்தான் இருக்கு. ரெகுலர்ல எட்டு மாசம் கிடந்திருந்தா எட்டு மாசம் கழிஞ்சிருக்கும். காசு கட்டி சீக்கிரம் வாங்கினவங்களுக்கு இந்தச் சட்டத்துல கிடைக்கிற பரிசு இதுதான்.

21 ஆனதும் எச்4 போயிடும். பிறந்தநாளுக்கு முன்னாடியே எஃப்1 ஸ்டூடன்ட் விசாவுக்கு மாத்த ஐ-539 மனு போட்டுடுங்க. காலேஜ்ல ஐ-20 (சேர்க்கைச் சான்று) வாங்கவே நாளாகும், இன்னிக்கே கேளுங்க. என் பையனோட 21வது பிறந்தநாளுக்கு எடுத்த போட்டோவுல கேக் பக்கத்துல அந்த மனுவோட ரசீது நோட்டீஸும் இருக்கும். அதைத் தள்ளி வைக்கணும்னு யாருக்கும் தோணல.

மாரிஸ்வில்_மணி
கீதாக்கா, 2023 பிப்ரவரில ரூல் மாத்திட்டாங்களே. ஃபைலிங் சார்ட் தேதி வந்தாலே வயசு நின்னுடும்.

பழையவரிசை_2007
அந்த ரூலையும் மாத்தியாச்சு தம்பி. 2025 ஆகஸ்ட் 15க்கு அப்புறம் போடற மனுவுக்கு ஃபைனல் ஆக்‌ஷன் சார்ட்தான் (கார்டு நிஜமா கொடுக்கற தேதி). 2025 அக்டோபர் விசா புல்லட்டின்ல (மாசாமாசம் வர்ற தேதிப் பட்டியல்) ஈபி-2 இந்தியா 2013 ஏப்ரல் 1. அவர் தேதி 2014 நவம்பர். இதுல பிப்ரவரிக்குள்ள எங்க வரப்போகுது?

எடிசன்_சுப்பு
சட்டம் மாறாம விடிவு இல்லை. வேலை வழியா வருஷத்துக்கு 1,40,000 கார்டு, அதுல எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாது. கணக்கு போட்டா 9,800. மனைவி, பிள்ளைகளும் அதுக்குள்ளதான். 1990ல போட்ட சட்டம். 2019 ஜூலைல இந்த 7 சதவீதத்தை எடுக்கற எச்.ஆர்.1044 மசோதா ஹவுஸ்ல (கீழ்ச்சபை) 365க்கு 65ன்னு ஜெயிச்சப்ப எங்க வீட்ல பாயசம் வச்சோம்.

பழையவரிசை_2007
அடுத்த வருஷம் டிசம்பர்ல செனட்டும் அதே மாதிரி எஸ்.386 மசோதாவை பாஸ் பண்ணுச்சு. ரெண்டு சபையும் வேற வேற வாசகத்தைப் பாஸ் பண்ணி, ஒண்ணு சேராமலேயே அந்தக் காங்கிரஸ் முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி 2011ல ஹவுஸ்ல இதே மாதிரி ஒண்ணு 389க்கு 15ன்னு ஜெயிச்சுது. 2013ல செனட்ல 68க்கு 32, ஹவுஸ் எடுக்கவே இல்லை. பாயசம் வச்சே சர்க்கரை வந்தவங்க நாங்க.

2007 ஜூலைல எல்லாருக்கும் கரண்ட், அதாவது உடனே மனு போடலாம்னு புல்லட்டின் விட்டுட்டு, 2ஆம் தேதி இல்லைன்னுட்டாங்க. எல்லாரும் குடியேற்றத் துறைத் தலைவருக்குப் பூங்கொத்து அனுப்பினோம். அவர் அதை வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரிக்குத் திருப்பி விட்டார். 17ஆம் தேதி கதவைத் திறந்தாங்க. உங்களை மாதிரி உக்காந்து புலம்பல.

எடிசன்_சுப்பு
உங்களுக்குக் கார்டு வந்தாச்சு, பேசுவீங்க.

பழையவரிசை_2007
வந்ததனாலதான் ராத்திரி 11 மணிக்கு உக்காந்து பதில் எழுதறேன்.

யாழ்_பொறியாளர்
சுப்பு அண்ணை சொல்லுறது சரி. நான் யாழ்ப்பாணத்தில பிறந்தனான். எங்கட டீமில சென்னைக்காரர் ஒருத்தர் எனக்கு நாலு வருசம் முந்தி அப்ளை பண்ணினவர். எனக்கு ரெண்டு வருசத்தில கார்ட் வந்திட்டுது, அவர் இன்னும் நிக்கிறார். வேலையும் ஒண்டு, பேசுற தமிழும் ஒண்டு.

எடிசன்_சுப்பு
சார், உங்க மேல கோபம் இல்லை. ஆனா இதைப் படிச்சா தூக்கம் வராது.

மாரிஸ்வில்_மணி
அந்த 7 சதவீத கேப்பை எடுத்தா இவர் மாதிரி சின்ன நாட்டுக்காரங்க வரிசைல நிக்கணும். அதான் அவங்க எதிர்க்கறாங்க.

யாழ்_பொறியாளர்
நான் எதையும் எதிர்க்கேல்லை தம்பி. கேக்க வந்தது வேற. ஃபிரிஸ்கோ அண்ணை, உங்கட மனைவி எங்க பிறந்தவ?

பழையவரிசை_2007
தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி வேண்டாமே.

ஃபிரிஸ்கோ_அப்பா
குவைத் சார். மாமனார் அங்க வேலை பார்த்தார். 1990ல ஈராக் புகுந்தப்ப எட்டு வயசு, அம்மான் வழியா ஏர் இந்தியால கூட்டிட்டு வந்தாங்க. ஆனா பாஸ்போர்ட் இந்தியாதான். ஏன்?

காவேரிக்கரை
ஐயோ.

யாழ்_பொறியாளர்
அண்ணை, வரிசை பாஸ்போர்ட்டைப் பாக்கிறேல்லை, பிறந்த நாட்டைத்தான் பாக்கும். கணவன் மனைவி ஒண்டா ஃபைல் பண்ணினா அவ பிறந்த நாட்டு வரிசையில நீங்களும் போகலாம். கிராஸ் சார்ஜபிலிட்டி எண்டு சொல்லுவினம். என்ர சிநேகிதன், மதுரைக்காரன், எங்கட ஊர்ப் பெட்டையைக் கட்டி அப்பிடித்தான் கார்ட் எடுத்தவன். குவைத் எண்டால் 2015லேயே நீங்கள் 485 போட்டிருக்கலாம்.

சான்ஹொசே_கீதா
உண்மைதான். குவைத் மாதிரி நாடுகளுக்கு அதே புல்லட்டின்ல ஈபி-2 தேதி 2023ல நிக்குது, உங்க 2014 எப்பவோ தாண்டியாச்சு. உங்க ரெண்டு பேருக்கும் வழி தெளிவா இருக்கு. பொண்ணு விஷயத்துல மட்டும் கவனம். விசா கிடைக்கிற நிலை வந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டாத்தான் சிஎஸ்பிஏ வயசு நிக்கும். உங்களுக்கு அந்த நிலை 2015லேயே வந்துடுச்சுன்னு சொல்ல இடம் இருக்கு. கம்பெனி லாயர் போதாது, தனியா ஒருத்தரைப் பாருங்க. 21க்கு முன்னாடி மனு உள்ள போகணும். எஃப்1 ஏற்பாட்டையும் விடாதீங்க.

எடிசன்_சுப்பு
பழையவரிசை ஐயா, ஜோசியர் ஊரும் கேப்பார்னு முதல்ல சொன்னது நீங்கதானே!

பழையவரிசை_2007
இவர் ஊர் கேப்பார்னு சொன்னேன். சம்சாரத்தோட ஊர்னு சொல்லல. சரி, என் தப்புதான்.

தாம்பரம்_டு_டாம்பா
என் பையன் சிங்கப்பூர்ல பிறந்தான். அதை வச்சு எங்களுக்குப் போடலாமா?

யாழ்_பொறியாளர்
ஏலாது. கணவன், மனைவி ஒருத்தரை ஒருத்தர் வச்சு எடுக்கலாம். பிள்ளைக்குத் தாய் தகப்பன்ர நாட்டை எடுக்கலாம். பிள்ளையை வச்சுப் பெற்றோருக்கு இல்லை.

காவேரிக்கரை
ஃபிரிஸ்கோ சார், என்ன ஆச்சு?

காவேரிக்கரை
சார்?

ஃபிரிஸ்கோ_அப்பா
ஒம்பது நாள் ஆச்சு, மன்னிக்கணும். வேற லாயரைப் பார்த்தோம். மூணு பேருக்கும் சேர்த்து ஃபைல் பண்றார், பொண்ணோடது உறுதி சொல்ல முடியாதுன்னார். எஃப்1க்கும் போட்டாச்சு. நாகர்கோவில்ல மாமியார் ட்ரங்க் பெட்டிய நோண்டி குவைத் பர்த் சர்டிபிகேட்டை எடுத்தாங்க. முழுக்க அரபி, ஒரு மூலைல கரையான் அரிச்சிருக்கு, பேரும் முத்திரையும் தப்பிச்சுது. கம்பெனி லாயருக்கு ஃபோன் போட்டு ஏன் சார் சொல்லலைன்னு கேட்டேன். நீங்க சொல்லலையேன்னார்.

அரபிய இங்கிலீஷ்ல மொழிபெயர்க்க தூதரகத்துக்குப் போகணுமா?

யாழ்_பொறியாளர்
தேவையில்லை அண்ணை. ரெண்டு மொழியும் நல்லாத் தெரிஞ்ச ஆள் முழுசா மொழிபெயர்த்து, சரியெண்டு எழுதிக் கையெழுத்து வச்சால் போதும்.

மாரிஸ்வில்_மணி
எதுக்கும் ஒரு ஈபி-3 ஐ-140 போட்டு வைங்க சார்.